மருத்துவர் மீது வழக்கு: ஒரே சம்பவம், மூன்று கேள்விகள்

இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலான பாரதிய நியாய சன்ஹிதா 2024 ஜூலை 1-ஆம் தேதி நடைமுறைக்கு வந்ததிலிருந்து ஒரு குழப்பம் ஓயவில்லை. சிகிச்சையின்போது நோயாளி இறந்தாலும் இனி மருத்துவர் மீது கிரிமினல் வழக்கு போட முடியாது என்கிறார்கள் சிலர். புதிய சட்டம் மருத்துவர்களைச் சிறைக்கு அனுப்ப வழி செய்துவிட்டது என்கிறார்கள் வேறு சிலர். இரண்டுமே சட்டத்தில் இல்லை.

குழப்பத்துக்குக் காரணம் இருக்கிறது. 2023 டிசம்பர் 20 அன்று மக்களவையில் பேசிய உள்துறை அமைச்சர் அமித் ஷா, அலட்சியத்தால் ஏற்படும் மரணங்களில் மருத்துவர்களுக்கு விலக்கு தரும் வகையில் திருத்தம் வருவதாகச் சொன்னார். செய்திகளின் தலைப்பில் ‘விலக்கு’ என்ற சொல்தான் நின்றது. சட்டமான பிரிவில் இருப்பதோ குறைந்த தண்டனை மட்டுமே. அந்தப் பிரிவைப் பிறகு பார்ப்போம். அதற்குமுன் அடிப்படை ஒன்று தெளிவாக வேண்டும். மருத்துவமனையில் நடந்த ஒரே சம்பவத்தைப் பற்றிச் சட்டம் மூன்று வெவ்வேறு கேள்விகளை, மூன்று வெவ்வேறு இடங்களில் கேட்கிறது. எந்த இடத்தில் எந்தக் கேள்வி என்று தெரியாமல் போகிறவர்கள், நியாயம் தங்கள் பக்கம் இருந்தும் தோற்கிறார்கள்.

‘தவறான சிகிச்சை’ என்றால் என்ன?

‘தவறான சிகிச்சையால் பெண் பலி’ என்று நாளிதழில் படிக்கிறோம். சட்டத்தில் அந்தச் சொல்லுக்குத் தனி இடம் இல்லை. நீதிமன்றம் தேடுவது அலட்சியத்தை. அது நிரூபணமாக நான்கு விஷயங்கள் சேர்ந்து இருக்க வேண்டும்.

1. கடமை: அந்த நோயாளியைக் கவனிக்கும் பொறுப்பை மருத்துவரோ மருத்துவமனையோ ஏற்றிருக்க வேண்டும்.

2. கடமை தவறியது: அந்தத் துறையில் சராசரித் திறமை உள்ள ஒரு மருத்துவர் எடுத்திருக்கும் கவனத்தை எடுக்காமல் விட்டிருக்க வேண்டும்.

3. பாதிப்பு: உயிருக்கோ உடலுக்கோ உண்மையில் கேடு வந்திருக்க வேண்டும்.

4. தொடர்பு: அந்தக் கேடு நோயால் வராமல், இந்தத் தவறால் வந்திருக்க வேண்டும்.

வழக்குகள் பெரும்பாலும் இரண்டாவதிலோ நான்காவதிலோதான் சறுக்குகின்றன. குடும்பத்தின் மனதில் இருப்பது மூன்றாவது மட்டுமே: ‘நடந்து போனவர் பிணமாக வந்தார்.’ அந்த வேதனை முழுக்க உண்மை. ஆனால் விளைவு மோசமானதாலேயே அலட்சியம் நடந்தது என்று எந்த நீதிமன்றமும் முடிவுக்கு வராது.

குடும்பக் கட்டுப்பாட்டு அறுவை சிகிச்சை தொடர்பான இரண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இது புரியும். இரண்டிலும் அறுவை சிகிச்சைக்குப் பிறகு பெண் கருவுற்றார். ஹரியானாவிலிருந்து வந்த வழக்கில் (தீர்ப்பு 2000) வலது கருக்குழாயில் மட்டும் அறுவை செய்து, இடதைத் தொடாமலேயே விட்டிருந்தார்கள். அது அலட்சியம், மாநில அரசு இழப்பீடு தர வேண்டும் என்றது நீதிமன்றம். பஞ்சாபிலிருந்து வந்த வழக்கில் (தீர்ப்பு 2005) அப்படி எந்தக் குறையும் காட்டப்படவில்லை. எந்தக் கருத்தடை முறையும் நூறு சதவீதம் உறுதியானது கிடையாது, கருவுற்றது மட்டுமே அலட்சியத்துக்குச் சான்றாகாது என்று இழப்பீடு மறுக்கப்பட்டது. விளைவு ஒன்றுதான். அறுவை அரங்கில் என்ன நடந்தது என்பதில்தான் வித்தியாசம்.

அளவுகோல் எங்கிருந்து வந்தது?

1957-இல் இங்கிலாந்தில் ‘போலம்’ என்ற வழக்கு. மனநல சிகிச்சையாக மின் அதிர்ச்சி கொடுத்தபோது, தசைகளைத் தளர்த்தும் மருந்து தரப்படாததால் நோயாளிக்கு எலும்பு முறிந்தது. அந்த மருந்தைத் தருவதா வேண்டாமா என்பதில் அன்றைய மருத்துவர்களே இரண்டு அணியாக இருந்தார்கள். பொறுப்புள்ள மருத்துவர்களில் ஒரு பகுதியினர் ஏற்றுக்கொண்ட முறையைப் பின்பற்றிய மருத்துவர், மற்றொரு பகுதியினர் அதை ஏற்கவில்லை என்பதற்காக அலட்சியம் செய்தவர் ஆகிவிட மாட்டார் என்பதே அதில் பிறந்த விதி. இந்திய நீதிமன்றங்கள் இன்றும் கையில் வைத்திருக்கும் அளவுகோல் இதுதான்.

இதன் ஆபத்தும் வெளிப்படையானது. மருத்துவருக்கு ஆதரவாக இன்னொரு மருத்துவர் வந்து ‘நாங்களும் இப்படித்தான் செய்வோம்’ என்று சொல்லிவிட்டால் வழக்கு முடிந்துவிடுமா? 1997-இல் ‘பொலித்தோ’ வழக்கில், அப்போது இங்கிலாந்தின் உச்ச மேல்முறையீட்டு மன்றமாக இருந்த பிரபுக்கள் சபை அதற்கு ஒரு கடிவாளம் போட்டது. அந்த நிபுணர் கருத்து தர்க்கத்துக்கு நிற்க வேண்டும். நிற்காவிட்டால் நீதிமன்றம் அதைத் தள்ளிவிடலாம்.

இந்தியாவில் தெளிவாகவே எல்லை தாண்டியதாகக் கருதப்படும் ஒரு நிலைமை உண்டு. தனக்குத் தகுதி இல்லாத மருத்துவ முறையில் வைத்தியம் செய்வது. ஹோமியோபதி மட்டுமே படித்த ஒருவர் ஆங்கில மருந்துகளைக் கொடுத்து நோயாளி இறந்த வழக்கில், அதுவே தன்னளவில் அலட்சியம் என்று 1996-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அங்கே வேறு அளவுகோல் தேவைப்படவில்லை.

முதல் கேள்வி: இது சிறைக்குரிய குற்றமா?

லூதியானாவில் ஒரு தனியார் மருத்துவமனை. 1995 பிப்ரவரி 22, இரவு 11 மணி அளவில் நோயாளிக்கு மூச்சுத் திணறல். செவிலியர் கூப்பிட்டும் மருத்துவர் வர 20, 25 நிமிடங்கள் ஆனது. வந்தவர்கள் ஆக்சிஜன் மாஸ்க்கைப் பொருத்தினார்கள். திணறல் அதிகமானது. அப்போதுதான் தெரிந்தது, சிலிண்டர் காலி. மகன் பக்கத்து அறைக்கு ஓடி வேறொரு சிலிண்டரைக் கொண்டுவந்தார். அதை இயக்குவதற்கான ஏற்பாடு அங்கே இல்லை. ஐந்து முதல் ஏழு நிமிடங்கள் அப்படியே கரைந்தன. நோயாளி இறந்துவிட்டார். புகாரில் குடும்பம் சொன்னது இது.

அந்த மருத்துவர்கள் மீது பதிவான கிரிமினல் வழக்கை 2005 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. சட்ட வட்டாரத்தில் ‘ஜேக்கப் மேத்யூ தீர்ப்பு’ என்றால் இதுதான். சிலிண்டர் காலியாக இருந்தது மருத்துவமனையின் குறையாக இருக்கலாம்; அதற்காக மருத்துவமனை இழப்பீடு தர வேண்டியிருக்கலாம், இல்லாமலும் போகலாம், அதைப் பற்றி நாங்கள் கருத்துச் சொல்லவில்லை; ஆனால் இந்த மருத்துவர்களைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்த முடியாது என்றது தீர்ப்பு.

முதன்முறை படிப்பவருக்கு இது வயிற்றைப் பிசையும். என் கருத்தில், தீர்ப்பின் தர்க்கம் சரியே. இழப்பீட்டுக்கு அலட்சியம் போதும். சிறைக்கு அது மிக மோசமான அலட்சியமாக இருக்க வேண்டும். சாதாரண அறிவுள்ள எந்த மருத்துவரும் அந்தச் சூழலில் செய்யத் துணியாத ஒன்றாக இருக்க வேண்டும். ஒவ்வொரு மரணத்துக்கும் கைது என்று ஆனால், ஆபத்தான நிலையில் வரும் நோயாளியைத் தொடவே மருத்துவர் தயங்குவார்.

அந்தத் தீர்ப்பு காவல்துறைக்கும் நீதிமன்றங்களுக்கும் மூன்று கட்டுப்பாடுகளை விதித்தது.

1. தனிநபர் புகாரை ஏற்குமுன், அலட்சியம் நடந்தது என்பதற்குத் தகுதியுள்ள இன்னொரு மருத்துவரின் நம்பத்தக்க கருத்து இருக்க வேண்டும்.

2. விசாரணை அதிகாரி மேல்நடவடிக்கைக்குமுன் நடுநிலையான மருத்துவக் கருத்தைப் பெற வேண்டும். அதே துறையைச் சேர்ந்த அரசு மருத்துவராக இருந்தால் நல்லது.

3. புகார் வந்துவிட்டது என்பதற்காக வழக்கமாகக் கைது செய்யக் கூடாது. விசாரணைக்குத் தேவை என்றாலோ, தப்பிவிடுவார் என்ற நிலை இருந்தாலோ மட்டுமே கைது.

எஃப்.ஐ.ஆர். போடக் காவல் நிலையம் தாமதிக்கிறது என்று குடும்பங்கள் கொதிப்பதற்குப் பின்னால் பல நேரம் இருப்பது இந்த இரண்டாவது படிதான். மருத்துவ அலட்சியப் புகாரில் எஃப்.ஐ.ஆருக்குமுன் முதற்கட்ட விசாரணை நடத்தலாம் என்று 2013-இல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வும் அனுமதித்திருக்கிறது.

புதிய சட்டம் உண்மையில் என்ன மாற்றியது?

பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 304ஏ பிரிவு எல்லோருக்கும் பொது. லாரி ஓட்டுநரானாலும் அறுவை மருத்துவரானாலும், அலட்சியத்தால் மரணம் விளைவித்தால் இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். இப்போதைய 106(1) பிரிவு பொதுவான உச்சத் தண்டனையை ஐந்து ஆண்டாக உயர்த்தி, அபராதத்தையும் சேர்த்துவிட்டது. பதிவு பெற்ற மருத்துவர் சிகிச்சை நடைமுறையின்போது செய்ததற்கு மட்டும் உச்சம் இரண்டு ஆண்டிலேயே நிற்கிறது.

ஆக, மற்றவர்களுக்கு ஏறியது மருத்துவர்களுக்கு ஏறவில்லை. அவ்வளவுதான் சலுகை. ஒரு விதத்தில் மருத்துவர்களின் நிலை முன்பைவிடக் கடினம்கூட. பழைய பிரிவில் குற்றம் நிரூபணமானாலும் அபராதத்தோடு விட நீதிபதிக்கு இடம் இருந்தது. புதிய பிரிவில் சிறையும் அபராதமும் சேர்ந்தே எழுதப்பட்டுள்ளன.

இதில் இரண்டு முடிச்சுகள் உண்டு. ஒன்று, ‘பதிவு பெற்ற மருத்துவர்’ என்பதற்குப் பிரிவின் விளக்கம் தேசிய மருத்துவ ஆணையச் சட்டத்தை மட்டுமே சுட்டுகிறது. அதன் சொற்படி பார்த்தால் சித்தா, ஆயுர்வேத, ஹோமியோபதி மருத்துவர்கள் இந்த இரண்டு ஆண்டு வரம்புக்குள் வரமாட்டார்கள். அவர்களுக்கு ஐந்து ஆண்டு. மற்றொன்று, நோயாளி இறக்காமல் கொடுங்காயத்தோடு பிழைத்தால் பொருந்தக்கூடியது 125-ஆவது பிரிவு. அதில் மருத்துவருக்குத் தனி வரம்பு கிடையாது. உச்சத் தண்டனை மூன்று ஆண்டு. மரணத்துக்கு இரண்டு, கொடுங்காயத்துக்கு மூன்று! எழுதும்போது கவனிக்காமல் விட்டதாகவே எனக்குத் தோன்றுகிறது. நாடாளுமன்றம் திருத்த வேண்டிய இடம் இது.

2024 ஜூலை 1-க்கு முன் நடந்த சம்பவங்களுக்குப் பழைய 304ஏ பிரிவே பொருந்தும்.

இரண்டாவது கேள்வி: இழப்பீடு உண்டா?

பெரும்பாலான குடும்பங்களுக்கு உண்மையில் பயன்படும் வழி இது. கிரிமினல் வழக்கில் சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டும். இங்கே, எது நடந்திருக்க அதிக வாய்ப்பு என்று காட்டினால் போதும்.

இந்த வித்தியாசம் எவ்வளவு பெரியது என்பதற்கு கொல்கத்தாவில் 1998-இல் தொடங்கிய வழக்கே சாட்சி. தோல் உரியும் கடுமையான ஒவ்வாமை நோயோடு வந்த 36 வயதுப் பெண்ணுக்கு, உடலில் நீண்ட நேரம் தங்கி வேலை செய்யும் ஸ்டீராய்டு ஊசி, 80 மில்லிகிராம், நாளுக்கு இரண்டு வேளை என்று எழுதப்பட்டது. நாள்கணக்கில் இடைவெளி விட்டுப் போட வேண்டிய மருந்து அது. அவர் இறந்தார். 2009-இல் உச்ச நீதிமன்றம் ஒரே தீர்ப்பில் இரண்டைச் சொன்னது: சிறைக்குரிய குற்றம் நிரூபணமாகவில்லை, ஆனால் அலட்சியம் நடந்தது, இழப்பீட்டைக் கணக்கிடுங்கள். 2013-இல் அந்தத் தொகை சுமார் 6 கோடி ரூபாயானது, வட்டி தனி. கிரிமினல் வழக்கில் விடுதலையானதும் எல்லாம் முடிந்தது என்று எண்ணும் இரு தரப்பினரும் இதை நினைவில் வைக்க வேண்டும். மனைவியை இழந்தவர் அந்தத் தீர்ப்புக்காக 15 ஆண்டுகள் போராடினார் என்பதையும் சேர்த்தே.

*யார், எங்கே போகலாம்?*

மருத்துவ சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 1995-இல் தீர்ப்பளித்தது. 2019-ஆம் ஆண்டின் புதிய நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் ‘சுகாதாரம்’ என்ற சொல் இல்லாததால் அது மாறிவிட்டதாக வாதம் எழுந்தது. 2022-இல் உச்ச நீதிமன்றம் அதை நிராகரித்தது. இன்றைய நிலை இதுதான்:

1. கட்டணம் வாங்கும் மருத்துவமனை என்றால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம்.

2. சிலரிடம் கட்டணம் வாங்கிச் சிலருக்கு இலவசமாகப் பார்க்கும் மருத்துவமனை என்றால், இலவசமாகப் பார்க்கப்பட்டவரும் போகலாம்.

3. எல்லோருக்கும் இலவசம் என்ற அரசு மருத்துவமனை நுகர்வோர் சட்டத்துக்கு வெளியே. ஆனால் அரசு பொறுப்பிலிருந்து தப்பாது. உரிமையியல் நீதிமன்றத்தில் வழக்குப் போடலாம். அவுரங்காபாத் அரசு மருத்துவமனையில் 1963-இல் ஒரு பெண்ணின் வயிற்றுக்குள் துண்டை வைத்துத் தைத்துவிட்டதால் அவர் இறந்த வழக்கில், மாநில அரசே பொறுப்பு என்று 1996-இல் தீர்ப்பானது. 33 ஆண்டுகள்.

4. இ.எஸ்.ஐ. மருத்துவமனையில் பார்த்துக்கொண்டவர், சம்பளத்தில் பிடித்தம் செலுத்துவதால், நுகர்வோராகவே கருதப்படுவார்.

பலர் தவறும் இடம் ஆணையத்தின் வரம்பு. எவ்வளவு இழப்பீடு கேட்கிறோம் என்பது கணக்கில்லை. சிகிச்சைக்கு எவ்வளவு கட்டினோம் என்பதே கணக்கு. கட்டியது 50 லட்சம் வரை என்றால் மாவட்ட ஆணையம், 2 கோடி வரை மாநில ஆணையம், அதற்கு மேல் தேசிய ஆணையம். ஆகவே கோடிக்கணக்கில் இழப்பீடு கேட்கும் மனுவும் பெரும்பாலும் மாவட்ட ஆணையத்தில்தான் தொடங்க வேண்டும். குடியிருக்கும் மாவட்டத்திலேயே தாக்கல் செய்யலாம்.

*மருத்துவமனையா, மருத்துவரா?*

‘அவர் விசிட்டிங் டாக்டர், எங்கள் ஊழியர் கிடையாது’ என்ற பதில் எடுபடாது. நோயாளி நம்பி வந்தது மருத்துவமனையை. எந்த மருத்துவர், எந்தச் செவிலியர் தவறினார் என்று குடும்பத்தால் எப்படிக் கண்டுபிடிக்க முடியும்? 2004-இல் உச்ச நீதிமன்றம் இதை ஏற்றது: மருத்துவரைத் தனியாக எதிர்த்தரப்பில் சேர்க்காவிட்டாலும் மனு செல்லும், எந்தக் கவனக்குறைவும் இல்லை என்று தன் ஆவணங்களைக் கொண்டு காட்டும் பொறுப்பு மருத்துவமனைக்கு வரும்.

*நிபுணர் சாட்சி கட்டாயமா?*

எல்லா வழக்கிலும் இல்லை. வயிற்றில் துண்டு, மாற்றி வெட்டிய கால் போன்றவை தாமே பேசும். மலேரியா நோயாளிக்கு டைஃபாய்டு வைத்தியம் பார்த்த வழக்கில் நிபுணர் கருத்து இல்லாமலேயே தீர்ப்பளிக்கலாம் என்று 2010-இல் சொல்லப்பட்டது. சிக்கலான அறுவை சிகிச்சை, மயக்க மருந்து, தீவிர சிகிச்சை தொடர்பானவற்றில் நிபுணர் கருத்து இல்லாமல் நகர்வது கடினம். ஒரு மருத்துவருக்கு எதிராக இன்னொரு மருத்துவரைப் பேச வைப்பதுதான் ஏழைக் குடும்பத்துக்கு இந்தப் பாதையில் இருக்கும் மிக உயரமான மதில். இதற்கு நம் அமைப்பு இன்னும் நேர்மையான வழி செய்யவில்லை.

ஒப்புதல் படிவம் எதைக் காக்கும், எதைக் காக்காது?

‘எது நடந்தாலும் மருத்துவமனை பொறுப்பல்ல’ என்ற வரிக்குக் கீழே கையெழுத்துப் போட்டுவிட்டோமே என்று குடும்பங்கள் அஞ்சுகின்றன. அந்தக் கையெழுத்து, சொல்லப்பட்ட சிகிச்சைக்கும் அதன் இயல்பான அபாயங்களுக்கும் மட்டுமே ஒப்புதல். அலட்சியத்துக்கு யாரும் ஒப்புதல் தர முடியாது.

2008-இல் தீர்ப்பான ஒரு டெல்லி வழக்கில், வயிற்றுக்குள் கருவி விட்டுப் பார்க்கும் பரிசோதனையான லேப்ராஸ்கோப்பிக்காக மயக்க மருந்து கொடுக்கப்பட்டிருந்த 44 வயதுப் பெண்ணின் கருப்பையும் சினைப்பைகளும் அகற்றப்பட்டன. அறுவை அரங்குக்கு வெளியே காத்திருந்த தாயிடம் ஒப்புதல் வாங்கியிருந்தார்கள். உயிர் போகும் அவசரம் எதுவும் இல்லை. சுயநினைவு திரும்பியதும் முடிவெடுக்கக்கூடிய வயதுவந்த பெண்ணுக்காகத் தாய்கூட ஒப்புதல் தர முடியாது என்றது உச்ச நீதிமன்றம். பரிசோதனைக்கான ஒப்புதல் சிகிச்சைக்கான ஒப்புதல் ஆகாது. கொடுக்கப்பட்ட இழப்பீடு 25,000 ரூபாய், அதோடு மருத்துவர் கட்டணம் கேட்கக் கூடாது என்ற உத்தரவு. விதி வலுவானது, தொகை மிகக் குறைவு என்பதே என் எண்ணம்.

உயிர் காக்கும் அவசரத்தில் நிலைமை தலைகீழ். அங்கே ஒப்புதலுக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. போலீஸ் நடைமுறைக்காகக் காத்திருக்காமல் சிகிச்சை தருவதே கடமை என்று 1989-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

மூன்றாவது கேள்வி: இவர் மருத்துவராகத் தொடரலாமா?

இதைக் கேட்பது மாநில மருத்துவ கவுன்சில். எச்சரிக்கலாம், குறிப்பிட்ட காலத்துக்குப் பதிவை நிறுத்திவைக்கலாம், பதிவேட்டிலிருந்தே நீக்கலாம். இழப்பீடு தர அதற்கு அதிகாரம் இல்லை. புகாரை ஆறு மாதத்துக்குள் முடிக்க வேண்டும் என்கின்றன 2002-ஆம் ஆண்டின் நடத்தை விதிகள். 2023 ஆகஸ்டில் வந்த புதிய விதிகள் அதே மாதத்தில் நிறுத்திவைக்கப்பட்டதால் அந்தப் பழைய விதிகளே தொடர்கின்றன. கவுன்சிலின் முடிவு மற்ற இரண்டு இடங்களிலும் சான்றாகப் பயன்படும்.

காகிதமும் காலமும்

வழக்கை வெல்வதும் தோற்பதும் பெரும்பாலும் முதல் சில நாட்களிலேயே தீர்மானமாகிவிடுகிறது.

1. கேஸ் ஷீட், செவிலியர் குறிப்பு, மயக்க மருந்துக் குறிப்பு, ஸ்கேன், ரத்தப் பரிசோதனை முடிவுகள் எல்லாவற்றையும் எழுத்து மூலம் கேளுங்கள். கேட்ட 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது விதி. உள்நோயாளி ஆவணங்களை மூன்று ஆண்டுகள் பாதுகாப்பதும் மருத்துவரின் கடமை. டிஸ்சார்ஜ் சம்மரி மட்டும் போதாது. மணிக்கணக்கு அதில் இருக்காது.

2. மரணத்தில் சந்தேகம் இருந்தால் உடற்கூறாய்வு கேளுங்கள். அந்த நேரத்தில் இதைச் சொல்வதும் கேட்பதும் எவ்வளவு கொடுமை என்பது தெரியும். ஆனால் எரித்துவிட்ட பிறகு, நோயால் இறந்தாரா தவறால் இறந்தாரா என்ற கேள்விக்குப் பதில் சொல்ல உடல் இல்லை.

3. நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுக்குள் மனு செய்ய வேண்டும். தகுந்த காரணம் இருந்தால் தாமதத்தை மன்னிக்க ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. அதை நம்பி உட்கார்ந்திருக்கக் கூடாது.

இந்த மூன்றாவதைப் பற்றி ஒரு வழக்கு. 1993-இல் பித்தப்பை அறுவை சிகிச்சை செய்துகொண்ட ஒரு பெண்ணின் வயிற்றில், அறுவையின்போது ரத்தத்தை ஒற்றும் காஸ் துணி இருப்பது 2002-இல் மறு அறுவையின்போது தெரியவந்தது. 2004-இல் அவர் புகார் செய்தார். துணி கண்டுபிடிக்கப்பட்ட நாளிலிருந்து எண்ணினால் காலக்கெடு மீறவில்லை என்பது அவர் வாதம். சாதாரணமாக நீதிமன்றமும், பாதிப்பு வெளியே தெரிந்த நாளிலிருந்தே எண்ணும். ஆனால் அறுவை முடிந்த நாளிலிருந்து ஒன்பது ஆண்டுகள் அவருக்கு வலி இருந்திருக்கிறது. வலி மாத்திரை போட்டுக்கொண்டு சமாளித்திருக்கிறார். சாதாரண அக்கறை உள்ள எவரும் முன்பே மருத்துவரிடம் போய்க் காரணத்தைக் கண்டுபிடித்திருப்பார் என்று சொல்லி, 2010-இல் உச்ச நீதிமன்றம் மனுவைக் காலம் கடந்தது எனத் தள்ளுபடி செய்தது. துணியை உள்ளே விட்டது யார் தவறு என்ற கேள்வி அந்த வழக்கில் விசாரணைக்கே வரவில்லை.